கூக்கால் கேட்ட வானொலி

பூம்பாறை தாண்டி ஒரு வளைவில் ஈஸ்வரியின் குரல் அறுந்தது.

ஈஸ்வரி என்னவோ என் பக்கத்தில்தான் இருந்தாள். ஜன்னலோரம், கல்லூரி ஸ்வெட்டரின் கைகளை விரல்நுனி வரை இழுத்துவிட்டுக்கொண்டு. அறுந்தது என் மடியிலிருந்த ரேடியோவுக்குள் இருந்த குரல். கொடைக்கானலில் பஸ் ஏறியதிலிருந்து அது எங்களோடு கூடவே வந்தது. "கூக்கால் மக்களே, கேக்குதா? நான் ஈஸ்வரி பேசுறேன், கேக்குதா?" முந்தின நாள் பதிந்து வைத்ததை எங்கள் கல்லூரி வானொலி நிலையத்தில் உட்கார்ந்து தங்கவேல் அண்ணன் திரும்பத் திரும்ப ஓட்டிக்கொண்டிருந்தார். அது எதுவரை எட்டுகிறது என்று பார்த்து வரத்தான் நாங்கள் இருவரும் கிளம்பியிருந்தோம்.

கண்டக்டர் டிக்கெட் கிழிக்கையில் எட்டிப் பார்த்தார். "என்னங்க மிஸ், பாப்பா பக்கத்துலயே ஒக்காந்திருக்கு. ரேடியோவுல வேற கேக்கணுமா?"

பஸ் சிரித்தது. ஈஸ்வரியும் சிரித்தாள். பூம்பாறையில் பூண்டு மூட்டைகள் ஏறின, வாசனை கண்ணைக் கரித்தது. அதற்குப் பின்தான் அந்த வளைவு. ஒரு பக்கம் பாறைச் சுவர் எழும்பி மலையை மறைத்தது. "கூக்கால் மக்களே, கே..." என்றது ரேடியோ. பிறகு வெறும் மணல் வறுக்கும் சத்தம்.

"பேட்டரி வீக்கா இருக்கும் மிஸ்."

"காலையில போட்டதுதானே ஈஸ்வரி."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கூக்கால் இன்னும் தூரத்தில் இருந்தது.

குண்டு பல்பு அளவு கரண்ட்

போன வாரம் இந்தத் தொடரை மூடுபனியில் நிறுத்தியிருந்தேன். அந்தப் பனிக்குள்ளிருந்துதான் இந்த வானொலியும் வருகிறது.

கல்லூரிகள் சொந்தமாகச் சின்ன வானொலி நடத்தலாம் என்று அனுமதி வந்த காலம். மலையில் ஏற்கெனவே அரசாங்கத்தின் பெரிய கோபுரம் நின்றது. அதன் குரல் பாதித் தமிழ்நாட்டின் சமையலறைகளில் கேட்கும். எங்களுடையது அதன் நிழலில் முளைத்த காளான். ஊர்க்காரர்கள் வைத்த பெயர் குட்டி ரேடியோ.

கல்லூரித் தோட்டத்துப் பேரிக்காயை அடுக்கி வைக்கும் பழைய கிடங்கைக் கொடுத்தார்கள். சுவர் முழுக்க முட்டை அட்டைகளை ஒட்டி, அதற்கு மேல் விடுதியின் பழைய கம்பளிகளைத் தொங்கவிட்டோம். எவ்வளவு கழுவியும் பேரிக்காய் வாசனை போகவில்லை. இன்றைக்கும் கனிந்த பேரிக்காயை முகர்ந்தால் எனக்குத் தொண்டையைச் செருமிக்கொள்ளத் தோன்றும்.

நான் அங்கே தற்காலிகத் தமிழ் ஆசிரியை. "கவிதை எழுதுறவங்கதானே, இதையும் பாத்துக்கங்க" என்று முதல்வர் என் தலையில் கட்டினார். கருவிகளைக் கவனிக்க வந்தவர் தங்கவேல் அண்ணன். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, கைப்பிள்ளையாகக் கப்பலேறி வந்தவர். பெருமை பேசுவதில் அவருக்கு நிகர் அவரே.

"இந்தக் கம்பி லேசுப்பட்டதில்ல மிஸ். காத்து சரியா அடிச்சா நுவரெலியா வரைக்கும் போகும். எங்க லயத்து வரிசை வீடுகள்ல கங்காணி வீட்டுல மட்டும்தான் ரேடியோ பொட்டி. எங்கம்மா வாசல்ல குந்திக்கிட்டுக் கேக்குமாம். இப்பப் பாருங்க, மகன் இங்கேருந்து அனுப்புறேன்."

"எத்தனை வாட் அண்ணே?"

"அம்பது" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "குண்டு பல்பு எரியற கரண்டுதான்" என்றார்.

அந்த ஒரு பல்பின் வெளிச்சம் ஒரு அறையைத்தானே நிரப்பும் என்று நினைத்தேன். முதல் நாள் ஒலிபரப்பு முடிந்ததும் தொலைபேசி அடித்தது. பெரியகுளத்துப் பக்கம் ஒரு மாந்தோப்புக் காவல்காரர். "எங்கேருந்து பேசுறீங்க? பொட்டியத் திருகிக்கிட்டே இருந்தேன், திடீர்னு ஒரு புள்ள பனி அடிக்குதுங்குது. எனக்கு இங்க வேர்த்து ஊத்துது!"

எங்கள் பேச்சு மலை விளிம்பிலிருந்து குதித்து, அடுக்கம் கிராமத்துச் சரிவில் உருண்டு, வெயில் காயும் சமவெளியில் போய் விழுந்திருக்கிறது. யாரும் தூக்கிச் செல்லவில்லை. கம்பியில்லை, பாதையில்லை.

அதற்காக எல்லாம் மகத்துவமாகவே நடந்தது என்று எண்ண வேண்டாம். ஒரு தடவை செய்தி வாசிக்கும்போதே நிலையம் ஊமையானது. ஓடிப்போய்ப் பார்த்தால் ஒரு காட்டுமாடு, எங்கள் குட்டிக் கோபுரத்தை இழுத்துக் கட்டிய கம்பியில் முதுகைச் சொறிந்துகொண்டிருக்கிறது. கண் மூடியிருந்தது. அவ்வளவு சுகம். அது சொறிந்து முடிக்கும்வரை தேனி மாவட்டத்துக்குச் செய்தி கிடையாது.

அடிவாரத்தில் கூப்பிட்ட பெயர்கள்

குரல் காற்றில் போய் ஒரு ஆளைத் தேடுவதை நான் அதற்கு முன்பே பார்த்திருக்கிறேன்.

பழனி அடிவாரத்தில் எங்கள் அப்பாவுக்கு மாலையும் பூசைத் தட்டும் விற்கும் கடை. தைப்பூசத்தில் ஊர் கொள்ளாத கூட்டம். தேங்காய் உடைபடும் சத்தம், காவடிச் சலங்கை, கற்பூரப் புகை. இத்தனைக்கும் மேலே ஒலிபெருக்கியில் ஒருவர் பேசிக்கொண்டே இருப்பார். "பச்சைச் சட்டை போட்ட பையன், பேர் முருகேசன், உங்கம்மா இங்க நிக்கிறாங்க." அத்தனை பேர் காதிலும் அது விழும். ஆனால் ஒரே ஒரு முருகேசனுக்காகத்தான் அது சொல்லப்படுகிறது.

மாலை தொடுக்கும் கை நின்றுவிடும் எனக்கு. அந்தப் பையன் கேட்டானா? எங்கே நின்று கேட்டான்? கடைசிவரை தெரியாது. பேசினவருக்கும் தெரியாது. அடுத்த பெயருக்குப் போய்விடுவார்.

வானொலியின் ஒலிவாங்கி முன் முதல்தடவை உட்கார்ந்தபோது அந்தக் கேள்விதான் எதிரே வந்து உட்கார்ந்தது. எங்கே நின்று கேட்கிறாய்?

மேமலை நேரம்

ஈஸ்வரிக்கு அந்தக் கேள்வி கிடையாது. அவளுக்குத் தெரியும், கூக்கால் கேட்கிறது.

இரண்டாம் ஆண்டு மாணவி. வகுப்பில் கேள்வி கேட்டால் மேசையைப் பார்த்துப் பதில் சொல்வாள். சிவப்பு விளக்கு எரிந்துவிட்டால் வேறு ஆள். மாலை ஐந்தரைக்கு அவளுடைய அரை மணி நேரம், மேமலை நேரம். கூக்கால், கிளாவரை, அந்தப் பக்கத்துத் தோட்டக்காரர்களுக்கான நிகழ்ச்சி. உறைபனி வருமா, காய்கறி லாரி எப்போது, பஸ் ஓடுகிறதா, எந்த ஊரில் யாருக்கு என்ன விசேஷம். முடிவில் ஒரு கேலி. "கூக்கால் மக்களே, நேத்து எங்க அப்பத்தா வீட்டுக் கோழி திரும்பி வந்துருச்சாம். எடுத்தவங்க மனசு மாறுனதுக்கு நன்றி!"

ஊரிலிருந்து வருகிறவர்கள் எல்லாரும் கேட்டோம், கேட்டோம் என்பார்கள். கோழி விஷயம் வரை ஒப்பிப்பார்கள். சில சமயம் அவள் பேசாததையும் பேசியதாகப் புகழ்வார்கள். "அன்னிக்கு ஒரு தாலாட்டுப் படிச்சியே, ஊரே அழுதுருச்சு." ஈஸ்வரி தாலாட்டு எதுவும் படித்ததில்லை. அரசாங்க வானொலியில் கேட்டதைக் குழப்பிக்கொள்கிறார்கள் என்று சிரித்துக்கொள்வோம்.

அவளாக ஊரில் இருந்து கேட்க வழியில்லை. ஞாயிறன்று எங்களுக்கு ஒலிபரப்பு கிடையாது. விடுதிப் பெண் ஊருக்குப் போவதோ ஞாயிறு மட்டும்.

ஒருநாள் தங்கவேல் அண்ணன் மலை வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு தலையைச் சொறிந்தார். நுவரெலியாவைப் பார்த்தவர் நடுவில் நின்ற மேட்டைப் பார்க்காமல் விட்டிருந்தார். கூக்காலுக்கும் எங்களுக்கும் குறுக்கே மலை முதுகு. இந்த அலை வளைந்து போகாது. எட்ட வாய்ப்பே இல்லை.

முதல்வர் எங்களைக் கூப்பிட்டார். நல்ல மனிதர், கோபமாகக்கூடப் பேசவில்லை. "கேக்காத ஊருக்கு எதுக்கும்மா தினம் அரை மணி நேரம் பேசணும்? அடுக்கத்துல கணீர்னு கேக்குது. அந்த நேரத்த அவங்களுக்குக் கொடுத்துருவோம்."

"கேக்குறாங்க சார்" என்றாள் ஈஸ்வரி, மேசையைப் பார்த்து.

"சரி. ஒரு ஆள். மேமலையில ஒரே ஒரு ஆள் ஊர்ல இருந்து கேக்குறத மிஸ் நேர்ல பாத்துட்டு வந்து சொல்லட்டும். நிகழ்ச்சிய நான் எடுக்க மாட்டேன்."

வெளியே வந்ததும் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். "நிகழ்ச்சி போனாக்கூடப் பரவாயில்ல மிஸ். இத்தனை நாளா நான் யார்கிட்டப் பேசுனேன்? செவுத்துக்கிட்டயா?"

கேட்டோம், கேட்டோம்

அப்படித்தான் அந்த பஸ்.

கூக்காலில் இறங்கியபோது ஏரியின் மேல் வெயில் சாய்ந்திருந்தது. படிப்படியாக இறங்கும் வயல்களில் உருளைக்கிழங்கு பச்சை கட்டி நின்றது. சொல்லாமல் போயிருந்தோம். டீக்கடையில் இருந்த அவளுடைய சித்தப்பா காளியப்பன் எழுந்து ஓடிவந்தார்.

"ஏ ஈஸ்வரி! என்னம்மா சொல்லாமக் கொள்ளாம? பரிச்சை லீவா?"

"மிஸ்ஸு வந்துருக்காங்க சித்தப்பா. ரேடியோ நம்மூர்ல எப்படிக் கேக்குதுன்னு பாக்க."

காளியப்பன் டீக்கடைக்காரரைப் பார்த்தார். டீக்கடைக்காரர் பாலைப் பார்த்தார்.

"கேக்காம என்ன? பக்கத்து ரூம்புல நின்னு பேசுற மாதிரில்ல கேக்குது!"

"ஆமா, ஆமா" என்றது பெஞ்சு மொத்தமும்.

"அப்பப் போடுங்களேன். அஞ்சரை ஆகப்போகுது" என்றேன்.

"எங்க வீட்டு ரேடியோ ரிப்பேர்ல கெடக்கு மிஸ்."

"வேற வீட்டுல?"

"பேட்டரி இல்ல."

"எல்லா வீட்டுலயுமா?"

"அதான் மிஸ் அதிசயம்" என்றார் டீக்கடைக்காரர்.

என் ரேடியோவைப் பெஞ்சில் வைத்துத் திருகினேன். மணல் வறுபட்டது. காளியப்பன் அதைப் பரிதாபமாகப் பார்த்தார். "டவுன் ரேடியோல்ல மிஸ். இங்கத்தக் குளிரு ஒத்துக்கல."

யாரும் சிரிக்கவில்லை. அந்நேரம் கொடைக்கானலில் தங்கவேல் அண்ணன் அன்றைய நிகழ்ச்சியை ஓட்டத் தொடங்கியிருப்பார். அதையும் ஈஸ்வரி முந்தின நாளே பேசிக் கொடுத்திருந்தாள். அவள் அந்த இரைச்சலை அணைக்க விடவில்லை. முழு அரை மணி நேரமும் அதன் முன்னால் கைகட்டி உட்கார்ந்திருந்தாள், யாரோ செத்த வீட்டில் உட்கார்ந்திருப்பதுபோல.

அதற்குள் ஆட்கள் வந்து சேர்ந்துகொண்டே இருந்தார்கள். மண்வெட்டியோடு ஆண்கள், மண் படிந்த கையோடு பெண்கள், பிள்ளைகள். என்னைப் பார்க்கத்தான் வருகிறார்கள் என்று நினைத்தேன். ஆனால் எல்லாரும் எனக்கு முதுகைக் காட்டி, மேலே மலைச்சரிவிலிருந்து இறங்கும் ஒற்றையடிப் பாதையைப் பார்த்துக் குந்தினார்கள்.

"எல்லாரும் எனக்காகப் பொய் சொல்லியிருக்காங்க மிஸ்" என்றாள் ஈஸ்வரி மெல்ல. ரேடியோவை அணைத்தாள். "வாங்க, வீட்டுக்குப் போவோம்."

பாறையிலிருந்து இறங்கியவள்

நாங்கள் எழுந்தபோது சரிவில் ஒரு குரல் கேட்டது.

"ஏலே, வெரசாக் கூடுங்க! இன்னிக்குச் சோலி நெறையக் கெடக்கு! பனி விழுகப் போகுதாம்!"

ஒரு பெண் ஓட்டமும் நடையுமாக இறங்கி வந்தாள். தலையில் துண்டு, கையில் காட்டுமாட்டை விரட்ட ஒரு கம்பு, கழுத்திலிருந்து துணிப்பையில் தொங்கி ஆடும் ரேடியோ. ஈஸ்வரியின் அத்தை முறை ஆகிற சின்னத்தாயி. பெஞ்சில் இருந்தவர்கள் கையை ஆட்டினார்கள், வாயில் விரல் வைத்தார்கள், காளியப்பன் இரண்டு கையையும் தூக்கி பஸ்ஸை நிறுத்துவதுபோல் நிறுத்தினார். அவள் எதையும் பார்க்கவில்லை. வந்த வேகத்தில் ஈஸ்வரியின் முன்னால் வந்து நின்றாள்.

கம்பை ஊன்றிக்கொண்டாள்.

"ஏ புள்ள... நீ இங்கயா நிக்கிற? அப்பப் பாறையில இம்புட்டு நேரம் எங்கிட்டப் பேசுனது யாரு?"

காளியப்பன் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தார். "எட்டலேன்னு மொத நாளே தெரியும்மா. நீ பேசப்போறேன்னு ஊரே ரேடியோவத் தூக்கிக்கிட்டு அலைஞ்சோம். கோயிலுக்கு முன்னால வச்சோம், ஏரிக்கரையில வச்சோம். ஒண்ணுமில்ல. மறாநா மாடு தேடிப் போன ஆளு, கொண்டைப் பாறை உச்சியில கேக்குதுன்னு சொன்னான். தெனம் ஊரே பாறை ஏற முடியுமா? தண்ணிக்கு வச்ச மாதிரி இதுக்கும் முறை வச்சுட்டோம். வீட்டுக்கு ஒரு நா."

அந்த ஊரில் ஓடைத் தண்ணீர் முறை வைத்துத்தான் பாயும். இன்று இந்த வீட்டு வயல், நாளை அடுத்த வீட்டு வயல். முறைக்காரர் மடையைத் திறந்துவிட்டு வரப்பில் காவல் நிற்பார். ஒரு சொட்டு வீணாகாது. அதே கணக்கில் ஒரு குரலையும் அவர்கள் பிரித்துப் பாய்ச்சியிருக்கிறார்கள். முறைக்காரர் பாறை ஏறிக் கேட்டு, சிந்தாமல் கொண்டுவந்து, டீக்கடை முன் நின்று ஊருக்குச் சொல்வார்.

"எங்கிட்ட ஏன் சித்தப்பா சொல்லல?"

"சொன்னா நீ பேசுறத விட்டுட்டீன்னா?"

ஈஸ்வரி கண்ணைத் துடைத்துக்கொண்டு சின்னத்தாயியைப் பார்த்தாள். "அப்ப அந்தத் தாலாட்டு?"

"அது நாந்தேன்" என்றாள் சின்னத்தாயி, வெட்கமில்லாமல். "நீ சொன்னதுல பாதி வழியிலேயே மறந்துபோச்சு. வந்த சனத்தச் சும்மா அனுப்ப முடியுமா?"

அப்போதுதான் கூக்கால் சிரித்தது. சிரித்து ஓய்ந்ததும் ஈஸ்வரி கீழே, மற்றவர்களோடு மண்ணில் குந்தினாள். "சொல்லு அத்தை. நான் என்ன சொன்னேன்?"

சின்னத்தாயி துண்டைச் சரிசெய்துகொண்டு நின்றாள். குரலை மாற்றிக்கொண்டாள். "கூக்கால் மக்களே, கேக்குதா?"

"கேக்குது!" என்றது ஊர்.

ரெண்டு நாளைக்கு உறைபனி, உருளைக் கொழுந்து கருகிடும், நாற்றங்காலை மூடுங்கள், வெள்ளனே தண்ணீர் தெளியுங்கள். கிளாவரை பஸ் நாளைக்குத் தாமதம். யாருக்கோ ஆண் குழந்தை. ஈஸ்வரியின் சொற்கள் சின்னத்தாயியின் மூச்சிரைப்பில் ஏறி வந்தன, ஓரங்கள் தேய்ந்து, ஊர்ச் சூடு பட்டு. தன் பேச்சை ஈஸ்வரி வாய் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தாள், முதல் தடவையாக அந்தச் செய்தி தனக்கே வருவதுபோல.

சொல்லி முடிந்த கணத்தில் கூட்டம் எழுந்தது. யாரும் கைதட்டவில்லை. சாக்கும் வைக்கோலும் தூக்கிக்கொண்டு நாற்றங்கால்களுக்குப் போனார்கள். மங்கிய வெளிச்சத்தில் படிப்படியான வயல்களில் ஆட்கள் குனிந்து நாற்றுகளைப் போர்த்துவதை ஏரிக்கரையில் நின்று பார்த்தேன். ஒரு குண்டு பல்பின் கரண்ட் இவ்வளவு தூரம் வந்து இத்தனை முதுகுகளை வளைக்கிறது. எனக்குக் கும்பிடத் தோன்றியது. எந்தப் பக்கம் திரும்பிக் கும்பிடுவது என்றுதான் தெரியவில்லை.

மெதுவாக

"என்னம்மா, ஊர்ல யாராச்சும் கேக்குறாங்களா?" என்றார் முதல்வர்.

"ஒருத்தர் கேக்குறாங்க சார்."

"ஒருத்தர்தானா?"

"தினம் ஒருத்தர்" என்றேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் ஜன்னல் பக்கம் திரும்பினார். பனி வந்து கண்ணாடியில் முகம் வைத்திருந்தது.

"அப்படின்னா," என்றார், "அந்தப் புள்ளயக் கொஞ்சம் மெதுவாப் பேசச் சொல்லுங்க."

அன்று மாலை பேரிக்காய் வாசனைக்குள் சிவப்பு விளக்கு எரிந்தது. ஈஸ்வரி ஒலிவாங்கியைத் தன் பக்கம் இழுத்தாள்.

"கூக்கால் மக்களே" என்று தொடங்கி, நிறுத்திக்கொண்டாள். "இல்ல. இன்னிக்கு முறை யாரோ, அவுங்களுக்கு வணக்கம். ஏறி வந்த மூச்சு அடங்கட்டும், ஒக்காருங்க. ஒவ்வொண்ணா சொல்றேன். மனசுல வாங்கிக்கங்க."

முதல் செய்தியைச் சொன்னாள். பிறகு பேசாமல் இருந்தாள்.

வானொலிக்காரர்களுக்கு மௌனம் என்றால் பயம். தங்கவேல் அண்ணன் பதறிப்போய்க் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எழுந்து நின்றார். நான் கையமர்த்தினேன். ஈஸ்வரி கண்ணை மூடியிருந்தாள். உதடுகள் மட்டும் அசைந்தன. மலை முதுகுக்கு அப்பால், காற்று அடிக்கும் ஒரு பாறை உச்சியில் நின்று அவள் சொன்னதை ஒருவர் தனக்குள் சொல்லிப் பார்க்கும் நேரம் அது. அவர் சொல்லி முடிக்கும்வரை அவளும் கூடவே சொல்லிக்கொண்டிருந்தாள்.

பிறகு கண்ணைத் திறந்து இரண்டாவது செய்திக்குப் போனாள்.